காசித்தும்பைக் காய் ஏன் தொட்டதும் வெடிக்கிறது?

முற்றிய காசித்தும்பைக் காய் ஒன்றை இரண்டு விரலால் லேசாகப் பிடித்தால் போதும். விரலுக்குள் ஏதோ புழு நெளிந்த மாதிரி ஒரு துள்ளல். அடுத்த கணம் காய் இருந்த இடத்தில் சுருண்ட பச்சைத் தோல் மட்டும் இருக்கும். விதைகள் நாலா பக்கமும் போயிருக்கும். முதல் தடவை தொடுகிறவர்கள் பெரும்பாலும் கையை உதறிவிடுவார்கள். இரண்டாவது தடவை சிரிப்பார்கள். அப்புறம் செடியில் முற்றிய காய் எதுவும் மிஞ்சாது.

காய்க்குத் தொடுவுணர்வு இருக்கிறதா? இவ்வளவு வேகம் அதற்கு எங்கிருந்து வருகிறது? தசை கிடையாது, நரம்பு கிடையாது. செல்களும் அவற்றுக்குள் தண்ணீரும்தான். ஆனாலும் நாம் கண் சிமிட்டி முடிப்பதற்குள் அந்தக் காய் பல முறை வெடித்து முடித்திருக்கலாம். இதற்கான விடை நம் விரலில் இல்லை, காயின் தோலுக்குள் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் செடியைக் கொஞ்சம் அறிமுகப்படுத்திக்கொள்வோம்.

பெயர்க் குழப்பங்கள்

பெயரில் தும்பை இருக்கிறதே என்று இதைத் தும்பைக்கு உறவாக்கிவிட வேண்டாம். வெள்ளைப் பூப் பூக்கும் தும்பை, துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. காசித்தும்பை பால்சமினேசி என்ற தனிக் குடும்பம். பலர் இதைப் 'பால்சம்' என்றும் அழைப்பார்கள்.

தாவரவியலில் இதன் பேரினத்துக்கு இம்பேஷன்ஸ் என்று பெயர். லத்தீனில் 'பொறுமை இல்லாதது' என்று பொருள். 1753-இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இருசொல் பெயர் வைத்து வெளியிட்டபோதே இந்தப் பெயர் இடம்பெற்றுவிட்டது. தொட்டதும் வெடித்துவிடுகிறதாம், அதனால் பொறுமை இல்லையாம். ஐரோப்பியக் காடுகளில் வளரும் ஒரு வகைக்கு அவர் வைத்த முழுப் பெயர் இம்பேஷன்ஸ் நோலி-டாங்கரே. பின்பாதிக்கு 'என்னைத் தொடாதே' என்று அர்த்தம். பொறுமை இல்லாதது, தொடாதே என்று ஒரே பெயரில் இரண்டு எச்சரிக்கை! காயின் உள்விவகாரம் தெரிந்த பிறகு இந்தப் 'பொறுமையின்மை' எனக்குச் சரியான பட்டமாகத் தோன்றவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் இதை 'டச் மீ நாட்' என்பார்கள். சிக்கல் என்னவென்றால், தொட்டாற்சுருங்கிக்கும் அங்கே அதே பெயர்தான். இரண்டும் தொட்டால் அசைகின்றன, உண்மை. ஆனால் நடப்பது முற்றிலும் வேறு. தொட்டாற்சுருங்கி தொடுதலை உணர்கிறது. தொட்ட இடத்திலிருந்து மின் சைகை ஒன்று கிளம்பி இலைக்காம்பின் அடியில் உள்ள முண்டுக்குப் போக, அங்குள்ள செல்கள் தண்ணீரை வெளியேற்றித் தளர, இலை மடிகிறது. சிறிது நேரம் விட்டால் மறுபடி விரிந்துகொள்ளும். காசித்தும்பைக் காயில் இப்படி உணர்வும் சைகையும் ஒன்றும் இல்லை. மறுபடி மூடிக்கொள்வதும் இல்லை. அது ஒரே ஒரு முறைதான்.

ஆயிரம் வகை, ஒரே தந்திரம்

பேரினம் என்றால் நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுப்பு. ஒரே பாட்டிக்குப் பிறந்த வாரிசுகள் மாதிரி. முகச்சாயல் ஒன்று, குணம் பலவிதம். இம்பேஷன்ஸ் பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. நமக்குப் பழக்கமான தோட்டத்துக் காசித்தும்பையின் பெயர் இம்பேஷன்ஸ் பால்சமினா. மற்றவற்றில் பெரும்பாலானவை வெப்பமண்டல மலைகளில், ஈரமும் நிழலும் உள்ள இடங்களில் வாழ்பவை. ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலம், மடகாஸ்கர், தென்னிந்தியாவும் இலங்கையும், கிழக்கு இமயமலை, தென்கிழக்கு ஆசியா ஆகிய ஐந்து பகுதிகளில்தான் இவை குவிந்து கிடக்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் வளராதவை. தண்டே இல்லாமல், கிழங்கிலிருந்து நேரடியாக இலையும் பூக்காம்பும் எழும் வகைகள் அங்கே நனைந்த பாறைகளில் ஒட்டிக்கொண்டு மழைக்காலத்தில் பூக்கின்றன. மரத்தின் மேல் தொற்றி வளரும் வகையும் உண்டு. அதற்கு 'பாராசிட்டிகா', அதாவது ஒட்டுண்ணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாவம், அது மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. உட்கார இடம் கேட்டதற்குத் திருட்டுப் பட்டம்.

இந்தப் பேரினம் ஏன் ஈரத்தையே தேடுகிறது என்பதற்கு ஒரு காசித்தும்பைத் தண்டை ஒடித்துப் பார்த்தாலே விடை கிடைக்கும். சாறு நிறைந்து, ஒளியில் பிடித்தால் உள்ளே ஊடுருவித் தெரிகிற அளவுக்குக் கண்ணாடி போல இருக்கும். மரக்கட்டை மாதிரியான உறுதி அதில் கிடையாது. செல்களுக்குள் நிறைந்த தண்ணீரின் அழுத்தம்தான் செடியைப் பெரிதும் நிமிர்த்தி வைக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் சிவப்பு மை கலந்த தண்ணீரில் காசித்தும்பைச் செடியை நிறுத்தி வைத்து, தண்டுக்குள் நிறம் ஏறுவதைக் காட்டுவதும் இந்தக் கண்ணாடித்தனத்தை நம்பித்தான். ஒரு வேளை தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி துவண்டு விழுவதற்கும் காரணம் அதுவே. தண்ணீரின் இந்த அழுத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காய்க்குள்ளும் வேலை பார்ப்பது இதுதான்.

இதே குடும்பத்தில் இன்னொரு பேரினம் உண்டு: ஹைட்ரோசெரா. அதில் ஒரே ஒரு சிற்றினம்தான். ஆயிரம் பேர் உள்ள வீட்டுக்குப் பக்கத்தில் தனியாகக் குடியிருக்கும் ஒற்றை உறவுக்காரர். நீர்நிலைகளில் வளரும் அதன் காய் சதைப்பற்றாக இருக்கும், வெடிக்காது. அதனால் 'இம்பேஷன்ஸ்' என்று ஒன்றை அடையாளம் காண உதவும் குணங்களில் வெடிக்கும் காய்க்கு முக்கிய இடம் உண்டு.

பூ: பின்னால் ஒரு வால்

காயைப் பற்றிய கட்டுரையில் பூவுக்கு இடம் கேட்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் இந்தப் பூவைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை.

காசித்தும்பைப் பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். பின்புறம் வளைந்த வால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது புல்லி இதழ் ஒன்று நீண்டு குழாயானது. அதன் நுனியில் தேன். எந்தப் பூச்சிக்கு அந்த நீளத்துக்கு நாக்கு இருக்கிறதோ அதற்குத்தான் விருந்து. வாலின் நீளமும் வளைவும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். தேனீக்கு ஒரு மாதிரி, வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு மாதிரி. ஆப்பிரிக்காவில் இம்பேஷன்ஸ் நியாம்நியாமென்சிஸ் என்று ஒன்று உண்டு. அதன் வால் தடித்து, சிவப்பும் மஞ்சளுமாகக் கிளி மூக்கு போலத் தொங்கும். அது தேன்சிட்டுகளுக்காக. தாய்லாந்து, மியான்மர், வடகிழக்கு இந்தியப் பகுதிகளில் வளரும் இம்பேஷன்ஸ் சிட்டசினாவை ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் பறக்கிற கிளியே தெரியும். அதன் படம் முதன்முதலில் இணையத்தில் பரவியபோது போலிப் படம் என்று சண்டை போட்டவர்கள் உண்டு. செடி நிஜம்தான், 1901-இல் ஜோசப் டால்டன் ஹூக்கர் அதை முறைப்படி விவரித்துப் பெயரிட்டார்.

ஹூக்கர் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்தவர். 1911-இல், 94 வயதில் இறக்கும் வரை அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது இந்தப் பேரினத்தோடுதான். அதற்குக் காரணம் உண்டு. தாவரவியலாளர்கள் செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி வைப்பார்கள். மற்றச் செடிகள் அதற்கு ஒத்துழைக்கும். காசித்தும்பைப் பூவோ தண்ணீரும் மெல்லிய தோலுமாக இருப்பதால், உலர்ந்தால் கசங்கிய ஈரத்தாள் மாதிரி ஒட்டிக்கொள்ளும். எந்த இதழ் எதனோடு சேர்ந்திருந்தது என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடு.

பூவுக்குள் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. ஐந்து மகரந்தப்பைகளும் ஒன்றாகச் சேர்ந்து சூல்முடியின் மேல் தொப்பி போட்டது போல மூடியிருக்கும். பூ விரிந்த முதல் கட்டத்தில் வருகிற தேனீயின் முதுகில் மகரந்தம் மட்டும் அப்பிக்கொள்ளும். பிறகு அந்தத் தொப்பி முழுசாகக் கழன்று விழ, அடியிலிருந்த சூல்முடி வெளிப்படும். அதாவது ஒரே பூ முதலில் ஆணாகவும் பிறகு பெண்ணாகவும் இருக்கிறது. தன் மகரந்தம் தன் மேலேயே விழுவதைத் தவிர்க்க இது ஒரு வழி.

காய்க்குள் நடப்பது

சரி, காய்க்கு வருவோம்.

பழுத்த காசித்தும்பைக் காய் நடுவில் பருத்து இரு முனையிலும் கூம்பியிருக்கும். உற்றுப் பார்த்தால் மேலிருந்து கீழாக ஐந்து கோடுகள் தெரியும். ஐந்து மடல்கள் விளிம்போடு விளிம்பு ஒட்டிச் சேர்ந்த கூடு அது; அந்தக் கோடுகள்தான் ஒட்டிய இடங்கள். உள்ளே நடுத்தண்டைச் சுற்றி விதைகள்.

ஒவ்வொரு மடலின் சுவரிலும் இரண்டு பக்கங்களுக்கும் இரண்டு குணம். வெளிப்பக்கத்தில் பெரிய, மெல்லிய சுவருள்ள செல்கள். காய் முற்ற முற்ற இவை தண்ணீரை இழுத்து உப்பிக்கொண்டே போகின்றன. செல்லுக்குள் நுழைந்த தண்ணீர் சுவரை வெளியே தள்ளும் இந்த அழுத்தத்தை விறைப்பழுத்தம் என்பார்கள். உட்பக்கத்தில் உள்ளவை தடித்த சுவருடைய செல்கள், எளிதில் நீளாதவை. ஆக, வெளிப்பக்கம் நீளப் பார்க்கிறது, உட்பக்கம் விடமாட்டேன் என்கிறது.

இப்படி ஒரு பக்கம் நீளவும் மறுபக்கம் நீளாமலும் இருந்தால் என்ன ஆகும்? ஒரு மெல்லிய தாளை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துப் பாருங்கள். நனைந்த பக்கம் உப்பி நீளும், காய்ந்த பக்கம் அப்படியே இருக்கும். தாள் உடனே சுருள ஆரம்பிக்கும், நனைந்த பக்கம் வெளியே இருக்கும்படி. காசித்தும்பை மடலுக்கும் அதே ஆசைதான்: உள்நோக்கிச் சுருண்டுகொள்ள வேண்டும். ஆனால் முடியாது. ஏனென்றால் அதன் இரண்டு விளிம்பும் பக்கத்து மடல்களோடு ஒட்டியிருக்கின்றன. அந்தப் பக்கத்து மடல்களுக்கும் இதே ஆசை, இதே தடை. ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் ஆடாமல் அசையாமல் தொங்கும் காய். உள்ளே நாண் ஏற்றிய ஐந்து வில்.

நாட்கள் போகப் போக இரண்டு விஷயங்கள் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. மடல்களின் இழுவிசை ஏறுகிறது. அவற்றை ஒட்டி வைத்திருக்கும் செல் அடுக்கு பலவீனப்படுகிறது. ஒரு கட்டத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகி, காய் விளிம்பில் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு மழைத்துளி, காற்றில் உரசும் இலை, கடந்து போகும் விலங்கின் ரோமம், உங்கள் விரல் என எது பட்டாலும் ஒட்டில் விரிசல் விழும். விரிசல் ஓடும், மடல்கள் விடுபடும், சுருளும். சுருளும் வேகத்தில் விதைகளைத் தட்டி எறியும். எதுவுமே படாவிட்டால்? இழுவிசை இன்னும் கொஞ்சம் ஏறி, ஒட்டு இன்னும் கொஞ்சம் தளர்ந்து, காய் தானாகவே வெடிக்கும். ஆக, தொடுதல் வெறும் சாக்குதான்.

எலிப்பொறியை நினைத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். பொறி அடிக்கும் வேகம் எலியின் மூக்கிலிருந்து வரவில்லை. முந்தின இரவு யாரோ ஒருவர் கை வலிக்க ஸ்பிரிங்கை இழுத்து மாட்டியபோதே அந்தச் சக்தி உள்ளே போய்விட்டது. எலி கொக்கியைத்தான் தட்டிவிடுகிறது. காசித்தும்பை தன் பொறியை நாள் கணக்கில், சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை உள்ளே இழுத்து மெதுவாக மாட்டுகிறது. அவிழ்ப்பது மட்டும் நொடியில் ஒரு சிறு துளியில் நடக்கிறது. மெதுவாகச் சேர்த்ததைச் சட்டென்று செலவழித்தால்தான் இந்த வேகம் கிடைக்கும். வில்லும் கவணும் இதே கணக்கில்தான் வேலை செய்கின்றன. இதற்குத்தான் பொறுமை இல்லாதது என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

எவ்வளவு வேகம்?

வட அமெரிக்காவில் ஓடைக்கரைகளில் வளரும் இம்பேஷன்ஸ் கேபென்சிஸ் என்ற ஆரஞ்சு நிறப் பூ வகையை வைத்து அதிவேகக் கேமராவால் செய்த ஆய்வொன்று 2009-இல் வெளியானது. மடல்கள் சுருண்டு முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 4 மில்லி விநாடி. அதாவது ஒரு விநாடியை இருநூற்றைம்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. விதைகள் கிளம்பிய சராசரி வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர் அளவில்.

இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து ஏமாற்றமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. விநாடிக்கு 1.2 மீட்டர் என்பது நாம் சாதாரணமாக நடக்கிற வேகம். மடல்களில் சேமித்து வைத்த சக்தியில் விதைகளுக்குப் போய்ச் சேர்ந்தது அரை சதவீத அளவுதான் என்று அந்த ஆய்வு காட்டியது. மீதி முழுவதும் மடல்கள் தாமே சுருண்டு துடிப்பதில் வீணாகிறது. அம்பு பறக்கவேண்டிய வில், தன் நாணை அதிரவைப்பதிலேயே பெரும்பங்கைச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூரக் கணக்கும் அப்படியே. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட அரை விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். அந்த நேரத்தில் விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாகப் போகும் விதை அரை மீட்டரைத்தான் கடக்கும். ஆய்வில் அளந்த மிக அதிகத் தூரமே 2 மீட்டரை எட்டவில்லை. ஆனால் எல்லா வகையும் இப்படி இல்லை. இமயமலையைச் சேர்ந்த இம்பேஷன்ஸ் கிளாண்டுலிஃபெரா தன் விதைகளை 7 மீட்டர் வரை வீசும் என்கிறார்கள். 2 மீட்டர் உயரச் செடியிலிருந்து அவ்வளவு தூரம் போக, காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால்கூட, விதை விநாடிக்கு 7 மீட்டருக்கு மேல் கிளம்பவேண்டும். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குள் இவ்வளவு வித்தியாசம்.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொன்று. காயிலிருந்து நீர் வற்ற வற்ற மடலில் சேமிக்கப்படும் சக்தி குறைந்தது. வெடிப்பின் எரிபொருள் தண்ணீர்தான் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

காய்ந்து வெடிப்பதும் ஈரத்தில் வெடிப்பதும்

தமிழில் 'வெடித்தல்' என்ற சொல்லைத் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். பருத்தி வெடித்துவிட்டது என்போம். ஆனால் பருத்திக்காய் மெதுவாகப் பிளந்து பஞ்சை விரிக்கிறதே தவிர எதையும் எறிவதில்லை. எள்ளுக்காய் முற்றிக் காய்ந்தால் வாய் பிளந்து விதையைச் சிந்திவிடும். அதனால்தான் அதைக் கொஞ்சம் முன்னதாகவே அறுக்கவேண்டியிருக்கிறது. ஆமணக்குக் காய் வெயிலில் காய்ந்து 'டப்'பென்று தெறிக்கும். இது நிஜமான வெடிப்பு. ஆனால் இது காசித்தும்பையின் வழிக்கு நேரெதிர். ஆமணக்குத் தோலின் அடுக்குகள் உலரும்போது வெவ்வேறு அளவில் சுருங்குவதால் உண்டாகும் இழுவிசை அது. வெப்பமண்டல அமெரிக்காவின் ஹுரா கிரெப்பிட்டன்ஸ் மரம் இந்த வழியின் உச்சம். அதன் காய் காய்ந்து வெடிக்கும்போது விதைகள் பத்துக்கணக்கான மீட்டர்கள் பறக்கும்.

பட்டாசுக்காய் என்று சிறுவர்கள் தண்ணீரில் போட்டு வெடிக்கவைத்து விளையாடும் ருவெல்லியா இன்னொரு ரகம். காய் நன்றாகக் காய்ந்து தயாராக இருக்கும். ஆனால் ஈரம் பட்டால்தான் ஒட்டு விடும். இழுவிசையைச் சேர்த்தது வறட்சி, கொக்கியைத் தட்டுவது தண்ணீர். அந்தப் பேரினத்தின் ஒரு வகையில் விதைகள் தட்டுபோலச் சுழன்றுகொண்டே பறக்கின்றன. விநாடிக்கு 1,600 சுற்றுக்கும் மேல் சுழன்றதை 2018-இல் பதிவுசெய்தார்கள்.

காசித்தும்பை இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. அது பச்சையாக, ஈரமாக, உயிருள்ள செல்களோடு இருக்கும்போதே வெடிக்கிறது. மழைக்காலத்திலேயே, ஈரக்காட்டிலேயே விதை பரப்பவேண்டிய செடிக்குக் காய்ந்து வெடிக்கும் வழி உதவாது என்பதை யோசித்தால் புரியும்.

ஏன் எறியவேண்டும் என்று கேட்டால், தாயின் காலடியிலேயே விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவேண்டும். தாயின் நிழல், ஒரே இடத்தில் முளைக்கும் நூறு உடன்பிறப்புகளின் போட்டி, அந்தச் செடியையே தேடி வரும் பூச்சியும் பூஞ்சையும். அரை மீட்டர் தள்ளி விழுந்தாலே ஒரு சிறு செடிக்கு அது வேறு உலகம். பறவைக்குப் பழம் செய்து கொடுக்கவேண்டாம், காற்றுக்கு இறகு முளைக்கவைக்கவேண்டாம். சொந்தத் தோலே போதும்.

ஆற்றங்கரையைப் பிடித்த இமயமலைச் செடி

7 மீட்டர் எறிகிறது என்றேனே, அந்தக் கிளாண்டுலிஃபெராவின் கதை தனி. 1839-இல் அதை இமயமலையிலிருந்து பிரிட்டனுக்கு அழகுச் செடியாகக் கொண்டுபோனார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளரும், இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், எந்தக் கவனிப்பும் கேட்காது. யாருக்குத்தான் பிடிக்காது? தோட்டத்து வேலியைத் தாண்டியது அப்புறம்தான்.

வெடித்து 7 மீட்டர் போவது மட்டும் என்றால் ஒரு நாட்டைப் பிடிக்க வெகுகாலம் ஆகும். ஆனால் இந்தச் செடி விரும்பி வளர்வது ஆற்றங்கரையில். காய் வெடித்தால் விதைகளில் ஒரு பங்கு தண்ணீரில் விழும்; மீதி வேலையை ஆறு பார்த்துக்கொள்ளும். ஒரு செடி நூற்றுக்கணக்கில் விதை தருவதால் கரை முழுக்க இதுவே அடர்ந்துவிடுகிறது. ஒரே பருவம் வாழும் செடி என்பதால் குளிர்காலத்தில் மொத்தமும் மடிந்துபோகும். அப்போது வேரின் பிடிப்பு இல்லாத வெறும் மண் கரையை வெள்ளம் அரிக்கும். போதாததற்கு, இதன் பூவில் தேன் ஏராளம். தேனீக்கள் உள்ளூர்ப் பூக்களை விட்டுவிட்டு இதையே மொய்ப்பதால் அந்தப் பூக்களில் விதை பிடிப்பது குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2014 முதல் பிரிட்டனில் இந்தச் செடியைத் தாக்கும் துரு நோய்ப் பூஞ்சை ஒன்றை அதன் பூர்வீகத்திலிருந்து தருவித்து வெளியிட்டிருக்கிறார்கள். 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆக்கிரமிப்புத் தாவரங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

இதன் பலவீனமும் அதன் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. வேர் ஆழம் போவதில்லை. கையால் பிடுங்கினாலே வந்துவிடும். விதைகள் மண்ணில் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. ஆகவே காய் பிடிப்பதற்கு முன்பே பிடுங்கி, அதைச் சில ஆண்டுகள் விடாமல் செய்தால் ஓரிடத்தை மீட்டுவிடலாம். காய் முற்றியபின் பிடுங்கப் போனால், நாமே விதைத்துவிட்டு வருவோம்.

தோட்டத்தில்

தொட்டிகளில் நிழலுக்காக வைக்கும் பால்சம் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் இம்பேஷன்ஸ் வாலேரியானா. வெயிலில் வைத்தால் முகம் தொங்கிவிடும். 2011, 2012 வாக்கில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அடிச்சாம்பல் நோய் இதைப் பெருமளவில் அழித்தது. அதற்குப் பதிலாகப் பலர் 'நியூ கினி' வகைகளுக்கு மாறினார்கள். அந்த நோயை அவை நன்றாகவே தாங்குகின்றன. அவற்றின் மூதாதைகளை 1970-இல் அமெரிக்கத் தாவர சேகரிப்புக் குழு ஒன்று நியூ கினித் தீவிலிருந்து கொண்டுவந்தது.

நம் பழைய காசித்தும்பைக்கு ஓரளவு வெயில் பரவாயில்லை, தண்ணீர்தான் தவறக்கூடாது. மருதாணியில் சிவப்புத் தரும் லாசோன் என்ற பொருள் இதிலும் உண்டு. பூவையும் இலையையும் அரைத்து நகத்தில் வைத்தால் நிறம் பிடிப்பது அதனால்தான்.

வெடிப்பை நீங்களே பார்க்க ஆசையாக இருந்தால் பழுத்த காயைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கரும்பச்சையாக, கெட்டியாக இருப்பதைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. பிஞ்சைக் கெடுத்ததுதான் மிச்சம். நிறம் வெளுத்து, உப்பி, ஐந்து கோடுகளும் தெளிவாகத் தெரிகிற காயாகப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் போனில் ஸ்லோ மோஷன் வைத்து, ஒரு குச்சியால் நுனியைத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் அது விநாடிக்கு 240 படங்கள். அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 4 மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். ஒரு படத்தில் முழுக் காய் இருக்கும். அடுத்த படத்தில் சுருண்ட தோலும் காற்றில் விதைகளும் இருக்கும். நான் எத்தனையோ முறை முயன்றும் நடுவில் நடந்தது ஒரே ஒரு முறைதான் சிக்கியது, அதுவும் மங்கலாக.

விதை சேகரிக்க வேண்டுமானால் காயைப் பறிக்கப் பார்க்காதீர்கள். கையில் வருவதற்குள் வெடித்துவிடும். காம்போடு சேர்த்து முழுக் காயையும் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு பிறகு அழுத்துங்கள். அல்லது மெல்லிய துணிப்பையை முந்தின நாளே காயின் மேல் கட்டிவிடுங்கள். பைக்குள் பழுப்பு நிற விதைகளோடு சுருண்ட மடல்களும் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு விதைகளை நிழலில் இரண்டு நாள் காயவைத்துக் காகித உறையில் போட்டு வையுங்கள். ஈரமான மடல்கள் கூடவே இருந்தால் விதையில் பூசணம் பிடித்துவிடும்.